அபராதம் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்
மருந்துக்கு மசியாத காசநோயும் நம் பெண்களும்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச வேண்டிய பாடம் இது. சந்தா, கடன் தவணை எல்லாம் வாங்கி முடித்த பிறகு ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடியவில்லை என்றால் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

லட்சுமியின் கதை

பல ஊர்களில் நடப்பதைச் சேர்த்து எழுதிய கதை இது. லட்சுமி என்பது பாடத்துக்காக நாம் வைத்த பெயர்.

லட்சுமி குழு ஆரம்பித்த நாள் முதல் உறுப்பினர். வயது 36. சந்தாவை ஒரு வாரம்கூட நிறுத்தியது கிடையாது. அப்படிப்பட்டவள் திடீரென்று கூட்டத்துக்கு வரவில்லை. முதல் வாரம் மகளிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் அதுவும் வரவில்லை. குழு விதிப்படி வராதவர்களுக்கு 10 ரூபாய் அபராதம். ஊக்குநர் நோட்டில் எழுதினார். மூன்றாவது வாரமும் எழுதினார். "ஏன் வரலை?" என்று யாரும் அவள் வீட்டுப் பக்கம் போய்க் கேட்கவில்லை.

லட்சுமிக்கு இரண்டு மாதமாக இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். "அடுப்புப் புகைதான்" என்று சொல்லி மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கிக் குடித்தாள். ரவிக்கை தொளதொள என்று ஆன பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். காசநோய் என்றார்கள். 6 மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. முகம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து நடவு வந்தது. மாத்திரை போட்டால் குமட்டல், வயலில் இறங்க முடியவில்லை. மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "அதான் சரியாப் போச்சே" என்று நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து இருமல் திரும்ப வந்தது. பரிசோதித்துப் பார்த்தால், முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லை. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தபோது 16 வயது மகளுக்கும் அதே நோய். அந்தப் பெண் காசநோய் மாத்திரையை ஒரு நாளும் தொட்டதே இல்லை. பிறகு எப்படி முதல் நாளே மருந்து கேட்காத நோய் அவளுக்கு வந்தது? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

காசநோய் எப்படிப் பரவுகிறது?

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது. பரம்பரை நோய் இல்லை, சாபம் இல்லை, செய்த பாவமும் இல்லை. ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் 1882 மார்ச் 24 அன்று இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலக காசநோய் நாள்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் பல மணி நேரம் கூட இருப்பவர்கள் அதைச் சுவாசிக்கிறார்கள். தட்டு, டம்ளர், துணி, தொடுதல் இவற்றால் பரவாது. ஆகவே தட்டைத் தனியாக வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் பாதுகாப்பு.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. உடம்பில் சத்து குறைந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு எளிதாக வந்துவிடும். உலகத்தில் உள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்.

மருந்துக்கு மசியாத நோய் எப்படி உண்டாகிறது?

பருத்திக் காட்டுக்கு மருந்து அடித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அளவு குறைத்து அடித்தால் பலவீனமான புழு சாகும், வலுவான புழு தப்பிக்கும். தப்பித்தது குஞ்சு பொரித்தால் அடுத்த தடவை அதே மருந்துக்கு அசையாது. காசநோய்க் கிருமியும் அப்படித்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாலும், விட்டு விட்டுச் சாப்பிட்டாலும், தப்பித்த கிருமி பெருகுகிறது.

தப்பு எப்போதும் நோயாளி மேல் மட்டும் இல்லை. சரியான மருந்துகளைச் சேர்த்து எழுதிக் கொடுக்காத டாக்டராலும், அளவு குறைந்த மருந்தாலும், மருந்து இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவதாலும் இது நேரும்.

காசநோய்க்கு மிக முக்கியமான இரண்டு மருந்துகள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின். இந்த இரண்டும் கேட்கவில்லை என்றால் அதை எம்.டி.ஆர். காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எம்.டி.ஆர். நோய் உள்ளவர் இருமினால் காற்றில் கலப்பதும் அந்த முரட்டுக் கிருமிதான். அதைச் சுவாசித்தவருக்கு முதல் நாளே மருந்து கேட்காத நோய் வரும். லட்சுமியின் மகளுக்கு வந்தது இப்படித்தான். 2014 முதல் 2016 வரை நாடு முழுவதும் அரசு நடத்திய ஆய்வில், புதிதாக நோய் வந்தவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்கும், முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் 100-க்கு 11 அல்லது 12 பேருக்கும் எம்.டி.ஆர். இருந்தது. ஆகவே "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடாததால வந்தது" என்று எடுத்தவுடன் யாரையும் பழி சொல்லாதீர்கள்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் பாரம்?

எண்ணிக்கையில் ஆண்களுக்குத்தான் காசநோய் அதிகம் வருகிறது. ஆனால் வந்த பிறகு பெண் சுமக்கும் பாரம் வேறு மாதிரி.

1. தாமதம். வீட்டில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கடைசியில் போகிறவள் பெண். கையில் பஸ் காசு வேண்டும், கூலி நாள் போகும், துணைக்கு ஆள் வேண்டும். நாள் தள்ளிப்போகப் போக நுரையீரல் அரிக்கப்படுகிறது. பக்கத்தில் படுக்கும் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

2. சளி கொடுக்கக் கூச்சம். டப்பாவைக் கையில் கொடுத்தால் நம்மில் பலர் கூச்சப்பட்டு எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறோம். எச்சிலில் கிருமி தெரியாது. "நோய் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு ஆய்வு நடந்தது. 2007-ல் அதன் முடிவு வெளியானது. சளியை எப்படி எடுப்பது என்று சில நிமிடம் சொல்லிக் கொடுத்த பெண்களில் 100-க்கு 13 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சொல்லிக் கொடுக்காத பெண்களில் 100-க்கு 8 பேருக்குத்தான் தெரிந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் மட்டுமே நோய் மறைந்து போகிறது என்று இதில் தெரிகிறது.

சரியான முறை இதுதான். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஆள் இல்லாத திறந்த வெளிக்குப் போங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, ஒரு நொடி அடக்கி, நெஞ்சின் ஆழத்தில் இருந்து இருமுங்கள். கெட்டியாக வரும் சளியை டப்பாவில் துப்பி இறுக்கி மூடுங்கள்.

3. இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் இந்தியாவில் 100-க்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 100-க்கு 53 பேருக்கும் இரத்தசோகை. எம்.டி.ஆர். நோய்க்குக் கொடுக்கும் லினிசோலிட் என்ற மருந்து சிலருக்கு இரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. கால் எரிச்சல், மரத்துப்போதல், கண் மங்கல் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது.

4. கர்ப்பம், தாய்ப்பால். சாதாரணக் காசநோய்க்குச் சாப்பிடும் ரிஃபாம்பிசின், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். காப்பர்-டி, ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். எம்.டி.ஆர். சிகிச்சையில் இன்னும் கவனம் தேவை. சில மருந்துகளைக் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுப்பதில்லை. நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கும் சிகிச்சை உண்டு, மருந்தைத்தான் மாற்றிக் கொடுப்பார்கள். தாய்ப்பால் வழியாகக் காசநோய் பரவாது. ஆனால் எம்.டி.ஆர். மருந்து சாப்பிடும் தாய், பால் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

5. கர்ப்பப்பைக் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. கருக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் வரும். மாதவிலக்கு குறையும் அல்லது நின்றுபோகும், அடிவயிறு வலிக்கும், குழந்தை நிற்காது. பல பேருக்கு இருமலே இருக்காது. இவளைத்தான் ஊர் "மலடி" என்று ஏசுகிறது. சளிப் பரிசோதனையில் இது தெரியாது. கர்ப்பப்பையின் உள்சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகப் போகும் பெண், டாக்டரிடம் இதையும் ஒரு தடவை கேட்கட்டும்.

6. நிறமும் மனசும். க்ளோஃபாசிமின் என்ற மருந்து தோலைக் கறுப்பாக்கும். சிகிச்சை முடிந்த பிறகு மெதுவாக மாறும். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்த நிறமே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. சைக்ளோசெரின் என்ற மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து மனசைக் கலைக்கும். "அவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று பூசாரியிடம் கூட்டிப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

காதை இழந்த இரண்டு பெண்கள்

முன்பு எம்.டி.ஆர். நோய்க்கு ஆறு மாதத்துக்கு மேல் ஊசியும், இரண்டு வருடம் வரை மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த ஊசி பலருடைய காதைப் பறித்தது. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனுக்கு இரண்டு தடவை காசநோய் வந்தது. 2013-ல் சிகிச்சையின் பக்கவிளைவால் காது கேட்காமல் போனது. தென் ஆப்பிரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த புமேசா டிசிலேவுக்கும் மருந்துக்கு மசியாத காசநோய். அவருக்கும் ஊசியால் காது போனது.

இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பெடாகுலின் என்ற புது மாத்திரை வந்ததால் அந்த ஊசி தேவைப்படாமல் போனது. ஆனால் அதன் விலை அதிகம். அதைத் தயாரித்த கம்பெனி, இந்தியாவில் வேறு யாரும் அதைச் செய்ய முடியாதபடி தன் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டது. இருவரும் அதை எதிர்த்து மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. மற்ற கம்பெனிகளும் குறைந்த விலைக்கு அந்த மாத்திரையைச் செய்ய வழி பிறந்தது. நோயில் இருந்து மீண்ட இரண்டு பெண்கள் சாதித்த காரியம் இது.

இப்போது சிகிச்சை எப்படி?

முதலில் சளியை சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் கருவியில் பரிசோதிக்கிறார்கள். நோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு எம்.டி.ஆர். நோய்க்குப் புது முறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. பெடாகுலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மருந்துகள். ஊசி கிடையாது. பெரும்பாலும் 6 மாதத்தில் முடிந்துவிடும். இது கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கு வேறு முறைகள் உண்டு, காலம் கூடலாம்.

"வீட்டில் வைத்துப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது நம் சென்னைதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சாதாரணக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே போலக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. மருந்து உள்ளே போகப் போகப் பரவும் வேகம் குறைந்துவிடுகிறது. எம்.டி.ஆர். நோயிலும், எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்வார். அதுவரை மாஸ்க் போட்டு, காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுத்தால் போதும். ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

சோறும் ஒரு மருந்துதான்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஒரு ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால், கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்தது.

நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவது யார்? நோயாளிப் பெண்ணின் தட்டில் முட்டையும் பருப்பும் விழுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அரசு, நிக்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சை முடியும் வரை மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கு நோயாளியின் பெயரிலேயே இருக்கட்டும்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. வருகைப் பதிவேட்டைக் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு கூட்டம் வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

2. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், இராத்திரி வியர்வை, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி. இதில் ஒன்று இருந்தாலும் துணைக்குப் போய்ப் பரிசோதியுங்கள். சளி எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

3. முன்பு காசநோய் மருந்து சாப்பிட்டவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வைத்து, "மருந்து கேட்குமான்னு பரிசோதனை செஞ்சாச்சா?" என்று கேளுங்கள்.

4. அவள் சம்மதித்தால் ஒருவர் மருந்துத் தோழியாக இருங்கள். குமட்டல், மனக்கலக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். நோயை ஊரில் சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு இருக்கட்டும்.

5. வீட்டில் உள்ள குழந்தைகள் உட்பட எல்லோரையும் பரிசோதிக்க வையுங்கள்.

6. சிகிச்சைக் காலத்தில் கடன் தவணையைத் தள்ளி வையுங்கள். அரசுப் பணம் வரத் தாமதமானால் உள்கடனில் சிறு தொகை கொடுங்கள். கந்துவட்டிக்குப் போனால் முதலில் நிற்பது அவளுடைய மாத்திரைதான்.

7. 2022-ல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில், நோயாளியின் சம்மதத்தோடு அவருக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுக்க யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

8. எழுந்து நிற்க முடியாதவர், மூச்சு வாங்குபவர், எலும்பும் தோலுமாக ஆனவர் வீட்டில் காத்திருக்கக் கூடாது. இப்படிப்பட்டவர்களை நோய் தெரிந்ததுமே ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தமிழக அரசு 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நடத்துகிறது.

சந்தேகம் இருந்தால் காசநோய் உதவி எண் 1800-11-6666. இலவசமாகப் பேசலாம்.

கதையின் மீதி

லட்சுமிக்கு இரண்டாவது தடவை நோய் வந்தபோது குழுவில் இருந்து இரண்டு பேர் போனார்கள். மாமியாரிடம் உட்கார்ந்து பேசினார்கள். "அத்தை, தட்டைத் தனியா வைக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும்" என்றார்கள். மாத்திரை டப்பா அரிசிப் பானையை விட்டு வெளியே வந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தாயும் மகளும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிட்டார்கள். சிகிச்சை முடிந்து லட்சுமி கூட்டத்துக்கு வந்த அன்று ஊக்குநர் பழைய நோட்டை எடுத்து, அபராதம் எழுதிய இரண்டு வரியையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. கடந்த மூன்று மாதத்தில் நம் குழுவில் தொடர்ந்து வராதவர் யார்? காரணம் நமக்குத் தெரியுமா?
2. நம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு நோய் வந்தால் அவள் மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டி வருமா? ஏன்?
3. லட்சுமி மாத்திரையை நிறுத்தியதற்கு யார் யார் காரணம்? எந்த இடத்தில் நாம் தடுத்திருக்கலாம்?
4. நம் குழுவின் அபராத விதியில் என்ன மாற்றம் வேண்டும்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.